ராஜயோக மச்சம்

2004 தை மாதம், அரியலூரில் கலையரசனின் கழுத்தில் புதிதாக ஒரு கறுப்பு மச்சம் தோன்றியது.

"ராஜயோகம்டா!" என்றார் அம்மா தனபாக்கியம். அந்த வாரமே எருமை கிடேரிக் கன்று போட்டது. மறுவாரம் சிமெண்ட் ஆலையில் அவன் வேலை நிரந்தரமானது. தெருவே வந்து மச்சத்தைத் தொட்டுக் கும்பிட்டுப் போனது.

புது மனைவி பூங்குழலி மட்டும், "டாக்டர்ட்ட காட்டுங்க" என்று விடாமல் நச்சரித்தாள்.

"புருசன் யோகத்த அறுக்கப் பாக்குறியேடி!"

"டாக்டர் பாத்தா யோகம் ஓடியா போயிடும், அத்தை?"

மச்சத்துக்குக் காவலாக மாமியாரும் கூடவே திருச்சிக்கு பஸ் ஏறினார்.

மச்சத்தையும் அதைச் சுற்றி வெளிறியிருந்த தோலையும் லென்ஸ் வைத்துப் பார்த்த டாக்டர் கேட்டார்: "சின்ன வயசுல கேன்சருக்குக் கழுத்துல கரண்டு, அதான் ரேடியேஷன், வச்சாங்களா?"

தனபாக்கியம் கூரையைப் பார்த்தார். கலையரசன் தலைகுனிந்தான். "எட்டு வயசுல, சார். கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு மறைச்சிட்டோம்."

"கரண்டு வச்ச எடத்துல பல வருசம் கழிச்சுத் தோல் கேன்சர் வரலாம். இது ஆரம்பம்தான், எடுத்துட்டா சரியாயிடும்."

பிறகு பூங்குழலியிடம் திரும்பினார். "போன வருசம் உங்களுக்கு எடுத்த எடம் ஆறிடுச்சாம்மா?"

அவள் பின்னலை ஒதுக்கினாள். பிடரியில் ஒரு தழும்பு.

"எனக்கும் இப்படித்தாங்க மச்சமா ஆரம்பிச்சுச்சு."

தனபாக்கியம் துள்ளி எழுந்தார். "அடிப்பாவி! சம்பந்தி என்னைய ஏமாத்திட்டாங்களே!"

"நீங்களும்தான, அத்தை!"

முதலில் சிரித்தவர் தனபாக்கியம்தான். சிரிப்பை அடக்க முடியாத மூவரையும் நர்ஸ் வெளியே அனுப்பினாள்.

மறுநாள் மச்சம் எடுக்கப்பட்டது. எருமையின் பால் குறையவில்லை.