வார்டன் குரல்

"எனக்கு இந்த ரூம்தான்" என்று சொல்லிவிட்டு, என் மகள் ஜன்னலோரக் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் அறைக்கு வெளியிலேயே நின்றேன்.

"கெட்டிக்காரிதான். வந்ததும் நல்ல ரூமா பிடிச்சிட்டா" என்றாள் வார்டன். இடுப்பில் அதே சாவிக்கொத்து. தலைக்குச் சாயம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். இன்னும் இவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. சேர்க்கை நாளில் பெற்றோருக்கு விடுதியைச் சுற்றிக் காட்டும் வேலையும் இவளுக்கே.

என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் தடித்து, நரைத்து, கண்ணாடி போட்டு, யாரோ ஒரு பெண்ணின் அம்மாவாகியிருந்தேன்.

"என் கேட்டைத் தாண்டி ஒரு ஈ காக்கா போகாதும்மா. பொண்ணை விட்டுட்டு நீங்க நிம்மதியாத் தூங்கலாம். புரியுதா?"

அந்தப் 'புரியுதா'வைக் கேட்டதும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. ரேடியோவைப் பற்றி நான் சொன்ன கதைகளில் எத்தனையோ முறை கேட்ட சொல் அது.

ரேடியோ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த என் தோழி, மகள் பார்க்காத சித்தி, இந்த அறையில்தான் இருந்தாள். நானும்.

யார் குரலும் அவள் வாயில் வரும். வேதியியல் பேராசிரியரின் தும்மல் வரும். சமையல்காரரின் கொட்டாவி வரும். எல்லாவற்றுக்கும் மேல், வார்டன் குரல். மூக்கால் தொடங்கி, 'புரியுதா'வில் குத்தி நிறுத்துகிற குரல்.

வார்டன் போனில் சொன்னால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். நடைச்சுவரில் இருந்த போனை எடுத்து, "வாட்ச்மேன், நாலு பொண்ணுங்க வருது. விடு. புரியுதா?" என்பாள் ரேடியோ. "சரிங்க மேடம்" என்பார் அவர். நாங்கள் மதியக் காட்சிக்குப் போய்விடுவோம்.

ஒருநாள் பிடிபட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "எங்கே, செஞ்சு காட்டு" என்றாள் வார்டன். ரேடியோ செய்து காட்டினாள். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர், "இதோ வந்துட்டேன் மேடம்" என்று ஈரக் கையோடு ஓடி வந்தார்.

கூடமே சிரித்தது. வார்டன் சிரிக்கவில்லை.

இதுவரைக்கும்தான் மகளுக்குச் சொல்லியிருந்தேன். ரேடியோ எப்படிப் போனாள் என்று கேட்டபோதெல்லாம், காய்ச்சல் என்று முடித்துவிட்டேன்.

காய்ச்சல் இல்லை. வயிற்று வலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த ஜன்னலோரம் சுருண்டு கிடந்தாள். நான் ஓடிப்போய் வார்டனைக் கூட்டி வந்தேன். இப்போது நான் நிற்கும் இதே இடத்தில் நின்று, உள்ளே காலெடுத்து வைக்காமல் பார்த்தாள்.

"நடிப்பு" என்றாள். "அன்னைக்கு என் குரல், இன்னைக்கு வயித்து வலியா?"

தூங்கப் போய்விட்டாள். கதவைத் தட்டத் தட்டத் திறக்கவில்லை.

வாட்ச்மேனிடம் ஓடினேன். மேடம் சொல்லட்டும் என்றார். மேலே வந்து போனை எடுத்து நானே வார்டன் மாதிரி பேசிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். வாயைத் திறந்தாள். எத்தனையோ குரல் பேசிய அந்த வாயில் அன்றைக்கு அவளுடைய சொந்தக் குரல் மட்டும்தான் வந்தது.

அந்தக் குரலுக்குக் கேட் திறக்கவில்லை.

தேநீர் வேளைக்கு வார்டன் எழுந்து வந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்தபோது, குடல்வால் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். வலியை மாணவி தாமதமாகத் தெரிவித்ததாகக் கல்லூரி சொன்னது. வார்டனும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

"வா, அடுத்த ஹாஸ்டலையும் பார்த்துடலாம்" என்றேன் மகளிடம்.

"அங்க ஜன்னலைத் திறந்தா ஜெனரேட்டர்மா. இங்க மரம் தெரியுது. நீயே வந்து படுத்துப் பாரேன்."

"அம்மாவுக்குப் பயம்" என்று சிரித்தாள் வார்டன். "இத்தனை வருஷத்துல என் ஹாஸ்டல்ல ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆனதில்லம்மா. புரியுதா?"

ஒரு பிள்ளைக்கும்.

போன் அதே இடத்தில்தான் இருந்தது. நிறம் மட்டும் மாறியிருந்தது. எடுத்தேன்.

"வாட்ச்மேன், கேட்டைத் திற. ரெண்டு பேர் போறாங்க. புரியுதா?"

"சரிங்க மேடம்."

கீழே இரும்புக் கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

இத்தனை வருடமாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகிய குரல். உள்ளே யார் கூடப் பேசுகிறாய் என்று கணவர் கேட்டிருக்கிறார். பாட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

வார்டனின் கை சாவிக்கொத்தை இறுகப் பிடித்திருந்தது. அவள் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. வரவேண்டாம். அவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

மகளின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அம்மா" என்றாள் மெதுவாக. "சித்தி எந்தக் கட்டில்?"

என் கண் ஜன்னலோரத்துக்குப் போனது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், உட்கார்ந்திருந்த கட்டிலைவிட்டு எழுந்தாள்.