லைலாக் பூத்தாச்சு!

“ஏங்க! ஓடி வாங்க! பூத்திருக்குங்க!”

ஜெபராணி போட்ட கூச்சலில் அவள் கணவன் ரூஃபஸ் பாதி ஷேவிங்கோடு வாசலுக்கு ஓடி வந்தான்.

லைலாக் மரம் முழுக்கக் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. தெருவே மணத்தது.

எண்பத்திரண்டில் அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் வீடு வாங்கிய கையோடு, முன்பக்கப் புல்வெளிக்கு அழகு என்று ஜெபராணி ஆசையாக நட்ட மரம். இத்தனை வருஷமாக ஒரு பூகூட இல்லை. இந்த மே மாதமும் ஏமாற்றினால் மரத்தைப் பிடுங்கிவிட்டு சிமென்ட் போட்டு இன்னொரு கார் நிறுத்தப்போவதாக ரூஃபஸ் வேலையாளிடமே சொல்லிவைத்துவிட்டான்.

“முதல்ல அந்த ஆளுக்கு போன் போட்டு கேன்சல் பண்ணுங்க!”

“பண்றேன், பண்றேன். கேமராவுல ஃபிலிம் இருக்கா? எல்லாம் நான் போட்ட உரம், ஜெபா!”

உரம் மட்டுமா போட்டான்? ஊரில் கிறிஸ்மஸுக்கு வீட்டை வெள்ளையடிப்பார்களே, அந்தப் பழக்கத்தில் வருஷா வருஷம் டிசம்பரில் மரத்தை லட்டு மாதிரி உருண்டையாக வெட்டியும் விடுவான். வேண்டாம் என்று யார் சொன்னாலும், “கேரல் பாட வர்றவங்க பரட்டைத் தலையையா பார்க்கணும்?” என்பான்.

போன டிசம்பரில்தான் வெட்ட முடியவில்லை. பக்கத்து வீட்டு ஷ்யாமளா அவனுடைய செடி வெட்டும் ட்ரிம்மரை இரவல் வாங்கிப் போனவள், கேட்கும்போதெல்லாம் “நாளைக்குத் தர்றேன்” என்றே ஓட்டிவிட்டாள். சர்ச் முழுக்க அவளைப் பற்றிச் சொல்லித் தீர்த்திருந்தான் ரூஃபஸ்.

அந்த ஷ்யாமளாதான் இப்போது சிரித்துக்கொண்டே வந்தாள், கையில் ட்ரிம்மரோடு.

“வாங்க மேடம். இப்பவாவது ஞாபகம் வந்துச்சே!” என்றான் ரூஃபஸ்.

“சாரிங்க. எவ்வளவு அழகா பூத்திருக்கு! பூ வாடினதும் தாராளமா ட்ரிம் பண்ணுங்க. டிசம்பர்ல மட்டும் வேண்டாம். அடுத்த வருஷத்து மொட்டெல்லாம் அப்பவே கிளையில இருக்கும், வெட்டினா அதோட போயிடும்.”

கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

“இத்தனை மாசம் வச்சு என்னத்தை வெட்டினாங்களோ!” முணுமுணுத்தான் ரூஃபஸ்.

ஜெபராணி பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க... அவங்க வீட்டுல புல்லைத் தவிர ஒரு செடிகூடக் கிடையாதுங்க!”