எது வேண்டுமானாலும்

தையல்காரிக்குக் கோதுமை ஆகாது. ஒரு வாய் ரொட்டி உள்ளே போனாலும் குடலைப் புண்ணாக்கிவிடும் நோய் அவளுக்கு. பஸ் டிரைவரான கணவன் பதினாறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தான். மகளின் பிறந்தநாள் கேக்கைக்கூட மனைவியின் வாயருகே வந்தபோது தட்டிவிட்டவன்.

அன்று மாலை அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தவன், தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, சூடான பன்னைப் பிட்டு வெண்ணெய் தடவி நீட்டினான்.

"என்னங்க, இது கோதுமையாச்சே!"

"இருக்கட்டும். இனிமே எது வேணும்னாலும் சாப்பிடலாம்னு டாக்டரே சொல்லிட்டார்."

"நெஜமாவா?"

ஆசை ஆசையாய் இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாயை மென்றபடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாயில் இருந்ததை விழுங்காமலே கேட்டாள். "எனக்கு இன்னும் எத்தனை நாளாம்?"

அவன் அடுத்த துண்டுக்கு வெண்ணெய் தடவினான்.