உறைக்குள் செப்புத் தகடு

லாரிப் பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியாகக் காலை வெயில் மேசைமேல் வட்ட வட்டமாக விழுகிறது. நடுவே கறுப்பாக இன்னொரு வட்டம்: வயரில்லாமல் சார்ஜ் ஏற்றும் தட்டு. சிமெண்ட் லாரி ஓட்டும் பூபதி அதன்மேல் அணைந்துபோன போனை வைக்கிறான். மனைவி ரஞ்சிதாவைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்பதுதான் அதில் வந்த கடைசிச் சேதி. தட்டில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, போன் விழிக்கவில்லை. திருப்பி வைக்கிறான், தள்ளி வைக்கிறான், எச்சில் தொட்டுத் துடைக்கிறான். “வயருன்னா சொருகுனதும் ஏறியிருக்குமுங்ணா.” “உம்பட போன் ஓட்டையில பாதி சிமெண்டு. எங்க சொருகறது?” என்று வெல்டர் செல்லமுத்து சிரிக்கிறார். சிரித்தபடியே போனின் உறையைக் கழற்றுகிறார். உள்ளே மடித்த செப்புத் தகடு ஒன்று மினுங்குகிறது. “இது குறுக்க இருந்தா ஏறாது சாமி. எடுத்துப்போடு.” பூபதி அவர் கையைப் பிடிக்கிறான். “கோயில்ல மந்திரிச்சதுங்ணா. கொழந்த பொறக்கற வரைக்கும் எம்மேல இருந்து எறக்கக் கூடாதுன்னு ரஞ்சிதா சொல்லியிருக்கா.” “பொறந்துச்சான்னு இதை எறக்குனாத்தானடா தெரியும்!” சுத்தியல்கள் நின்றுவிட்டன. எல்லோரும் தகட்டையே பார்க்கிறார்கள். பூபதி அதை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டு போனைத் தட்டில் வைக்கிறான். விளக்கு பச்சையாகிறது. வெயில் வட்டம் ஒன்று மெல்ல நகர்ந்து திரைமேல் ஏறும்போது போன் அதிர்கிறது. எடுத்துக் காதில் வைக்கிறான். வாயில் தகடு, பேச வழியில்லை. அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிடுகிறது. தகடு கிணுங்கென்று தரையில் விழுகிறது.