பின்கதவில் தட்டும் சத்தம்

எங்கள் பழைய டிரோட்ரோ வேனில் பிரேக் விளக்கு எரியாததால்தான் பின்னால் வந்த லாரி மோதி, கண்டக்டர் ஒடூரோ போன வாரம் செத்தான். வலது கையில் சுண்டுவிரல் இல்லாதவன். விளக்கு எரியாமல் இனி ஆளேற்ற மாட்டேன் என்று வண்டியைக் குமாசி பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

மெக்கானிக் ஃபீஃபி ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து சுவிட்சை மாற்றினான். "மிதிங்கக்கா."

மிதித்தேன். பின்கதவில் ஒரு தட்டு கேட்டது. கண்டக்டர்கள் வழக்கப்படி, எரியவில்லை என்று அர்த்தம்.

"அப்ப பியூஸும் போயிருக்கு." மாற்றினான். "இப்ப மிதிங்க."

இரண்டு தட்டு. எரிகிறது.

"புதுக் கண்டக்டர் கதவையே உடைச்சிடுவான் போலிருக்கே!"

"நான் யாரையும் வைக்கலையேடா. உன் ஆளுன்னுல்ல நெனச்சேன்?"

"எனக்கு ஏதுக்கா ஆளு?"

இருவரும் பின்னால் ஓடினோம். யாருமில்லை. கதவின் செம்மண் தூசியில் மூன்று கைத்தடங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு விரல்கள்.