போர்வைக்குள் கோபம்

"மெதுவாப் பேசுங்க, மாமா காதுல விழுந்துடப் போகுது" என்று கிசுகிசுத்தாள் மருமகள்.

"நான் எங்கே பேசினேன்? பேசினதெல்லாம் நீதான். அதுவும் அத்தனை பேர் முன்னாடி" என்றான் கேரவனை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. இருக்கைக்குப் பின்னால் தொங்கிய திரையை லேசாக விலக்கிப் பார்த்தாள். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அதையும் தாண்டிக் கடைசியில் படுக்கை. தலையோடு இழுத்துப் போர்த்திய உருவம் அசையவே இல்லை. கோபம் வந்தால் மாமனார் இப்படித்தான் போர்த்திக்கொள்வார். எவ்வளவு தூரம் இழுத்துப் போர்த்தியிருக்கிறார் என்பதை வைத்தே கோபத்தின் அளவைச் சொல்லிவிடுவாள் மாமியார், அவள் இருந்தவரை. இன்று கால் விரல்கூட வெளியே தெரியவில்லை.

வாடகைக்கு இந்த நடமாடும் வீட்டை எடுத்துக்கொண்டு, மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு, மூவரும் ஊர் சுற்றக் கிளம்பியதே ஒரு காரியத்துக்காகத்தான். மாமியார் போன பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் மாமனார் தன்னந்தனியாக இருக்கிறார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்றால், "உங்க வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்று வாயை அடைத்துவிடுவார். நாளையோடு பயணம் முடிகிறது. அதற்குள் அவரைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த எலும்புப் பள்ளத்துக்குப் போகும்வரை. கம்பித் தடுப்புக்குக் கீழே, மண்ணில் பாதி புதைந்து கிடந்தது ஏதோ ராட்சத விலங்கின் முதுகெலும்பு. "எத்தனையோ கோடி வருஷமா இங்கேயே கிடக்கு. ஒரு அடி நகரலை" என்றார் வழிகாட்டி. இவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அப்படியே எங்க மாமா மாதிரி!"

கூட்டமே சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. "கால் வலிக்குது. நான் வண்டிக்குப் போறேன்" என்று திரும்பி நடந்தார். கணவன் நின்ற இடத்திலிருந்தே சாவியை அழுத்தி வண்டிக் கதவைத் திறந்துவிட்டான்.

இவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் அதே கம்பெனியின் வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அச்சு. இவளே வேறு யாருடைய வண்டிக் கதவையோ இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொந்த வண்டிக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே படுக்கையில் தலைக்கு மேல் போர்வை ஏறியிருந்தது. எழுப்பத் தைரியம் இல்லை. அடுத்துப் பார்க்க வேண்டிய குகையை இருட்டுவதற்குள் மூடிவிடுவார்கள் என்பதால், சத்தமில்லாமல் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள்.

"என்ன, தைல வாசனை வருது?" என்றான் கணவன். "அப்பா தைலமே தடவ மாட்டாரே."

"வலி தாங்கலைன்னா தடவித்தானே ஆகணும்? வீம்புக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். நிஜமாவே வலி போல."

"இனிமே எங்கே வரப்போறாரு? நாளைக்கு என் வீட்டுல இறக்கி விடுன்னுதான் சொல்லப்போறாரு."

மறுபடி விழுந்தால்? பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால்? என்ன ஆனாலும் சரி என்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாமா, நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும். என் வாய்க்குப் பூட்டுதான் போடணும். ஆனா இடத்தை விட்டு நகர மாட்டேங்கறீங்களேங்கற ஆத்தாமையிலதான் அப்படிச் சொல்லிட்டேன். நேரங்கெட்ட நேரத்துல போன் அடிச்சாலே உங்களுக்குத்தான் என்னவோன்னு எனக்கு உயிரே போகுது மாமா. படி ஏற வேண்டாம்னு கீழ் ரூமை உங்களுக்காக ஒழிச்சு வெச்சிருக்கேன். ஜன்னல் ஓரமா நாற்காலிகூடப் போட்டாச்சு. உங்க பேத்தி தினமும் அதைத் துடைச்சு வைக்கிறா. கோபம்னா திட்டுங்க. ஆனா எங்ககூட இருந்துகிட்டே திட்டுங்க. வந்துடுங்க மாமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"வரேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

போர்வைக்குள்ளிருந்து கம்மலாக வந்தது: "ம்."

அவள் கணவனின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. போன் திரையில் 'மாமா' என்றிருந்தது.

"பின்னாடி படுத்துகிட்டே போன் பண்றாரே! நேர்ல பேச இன்னும் மனசு வரலையோ?" என்று பயந்துகொண்டே எடுத்தாள்.

"எங்கம்மா போயிட்டீங்க?" மாமனாரின் குரல் கணீரென்று ஒலித்தது. "போற வழியில கடையைப் பார்த்தேன், பேத்திக்கு ஒரு பொம்மை வாங்கலாம்னு நுழைஞ்சேன். வெளியே வந்தா வண்டியைக் காணோம்!"

"மாமா... கோபமில்லையா?"

"நீ சொன்னது சரிதானேன்னு பட்டுச்சு, அதான் சிரிப்பு வரலை. நாளைக்கு நம்ம வீட்டுக்கு வெறுங்கையோடவா வர்றது? சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போங்க."

கணவன் பிரேக்கை அழுத்த, வண்டி குலுங்கி நின்றது. இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு, முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தபடி நின்றார்.

"வண்டி மாறி ஏறிட்டேன்னு நீ பேச ஆரம்பிச்சதுமே தெரிஞ்சு போச்சும்மா. ஆனா என்னை இப்படி வா வான்னு யாரும் கூப்பிட்டதே இல்லையா, அதான்... எழுந்து சொல்ல மனசு வரலை."