ஒட்டிய வயிறு

பின்லாந்தின் குவோப்பியோவில் நவம்பர் மதியமே இருட்டிக்கொண்டு வருகிறது. நண்பன் எய்னோ பிடித்த அந்துப்பூச்சியின் வயிறு, பூச்சிகளை இனம் காணும் ஓஸ்மோவின் நுண்ணோக்கி விளக்கடியில், சதையைக் கரைக்கும் காரநீரில் ஊறிக் கிடக்கிறது. நீண்ட மூக்குள்ள இந்தக் குட்டிப் பூச்சிகளை, வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் இன்ன பேரினம் என்று சொல்ல முடியும். எய்னோவின் மனைவி ஹில்க்கா ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். “இதுவரைக்கும் யாரும் பாக்காததுதானே? ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்தா அதத்தான் கேக்கறாரு.” சிறகு ஒரு பேரினத்தைச் சொல்கிறது, வயிறு வேறொன்றை. ஊசியில் நிற்கும் உடம்பில், வயிறு இருந்த இடத்தில், ஒரு பசைத்துளி மினுங்குகிறது. உடைந்து விழுந்த வயிற்றை ஒட்டும்போது, எய்னோ பக்கத்துப் பூச்சியுடையதை எடுத்து ஒட்டியிருக்கிறான்; புதுப் பூச்சி எதுவும் இல்லை. ஓஸ்மோ நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லு.” “எவ்வளவு நாளைக்கு?” “அவன் கேக்கற வரைக்கும்.”